பேர்ணரை அணைத்த பிறகு: வீட்டுக் கண்ணாடிப் பட்டறையை மூடுவது எப்படி?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இப்படி விளங்கிக்கொண்டேன். கொக்குவிலில் வீட்டின் பின்பத்தியில் மேசைப் பேர்ணர் வைத்து, அதன் சுடரில் கண்ணாடியை உருக்கிக் கண்ணாடி மணி செய்கிறீர்கள். 12.5 கிலோ சமையல் காஸ், பழையதாக வாங்கிய ஒட்சிசன் செறிவாக்கி (காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரம்), சின்ன மின்சூளை ஒன்று இருக்கின்றன. வேலை முடிந்ததும் எதை முதலில் மூடுவது, சூளையை ஓடவிட்டுப் படுக்கலாமா, வீட்டில் இரண்டு சின்னப்பிள்ளைகள் இருப்பதால் வேறு என்ன கவனிக்கவேண்டும் என்று கேட்கிறீர்கள். சிலிண்டர் ஒட்சிசனுக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது என்கிறீர்கள்.

14 வருடமாக இந்த வேலை செய்கிறேன். பேர்ணரைப் பற்றவைப்பதை எல்லோரும் பயத்தோடு பழகுகிறோம், அதனால் அதில் தவறு குறைவு. மூடுவதைக் களைத்துப்போய், இடுப்பு வலியோடு, பிள்ளைகள் கூப்பிடுகிற நேரத்தில் செய்கிறோம். நான் பட்டதும், தெரிந்தவர்கள் பட்டதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். சுடர் அணைந்த பிறகும் குழாய்க்குள் காஸ் இருக்கிறது, மேசையில் கண்ணுக்குத் தெரியாத சூடு இருக்கிறது, சூளைக்குள் 500 பாகை இருக்கிறது. இவை ஒவ்வொன்றையும் முடித்துவைத்த பிறகுதான் பட்டறை மூடியதாகக் கணக்கு.

வரிசையைச் சொல்கிறேன். கடைசி மணியைச் சூளைக்குள் வைத்ததும், கதவு நன்றாக மூடியிருக்கிறதா, திரையில் வெப்பநிலை சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பேர்ணரில் ஒட்சிசன் திருகியை மூடுங்கள். நீலச்சுடர் சோர்ந்து, நீண்டு, மஞ்சளாகி ஆடத் தொடங்கும். இப்போது எரிவது காஸ் மட்டும். அதைச் சின்னச் சுடராகக் குறைத்துவிட்டு, சிலிண்டரில் காஸை மூடுங்கள். குழாயில் மிஞ்சியது கொஞ்ச நேரம் எரியும். சுடர் சுருங்கிச் சுருங்கித் தானாக அணையும். அணைந்ததும் பேர்ணரில் காஸ் திருகியையும் மூடிவிடுங்கள். இப்படிச் செய்தால் குழாயிலிருந்த காஸ் பத்திக்குள் கசியாமல் எரிந்தே தீர்ந்துவிடுகிறது.

உங்கள் சிலிண்டர் வெளிச்சுவரோரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. கதவைத் திறந்து இரண்டு எட்டில் போய் மூடலாம், சுடரும் கண்ணில் படும். அதைவிடத் தூரம் என்றால் சுடரைத் தனியே விட்டுப் போகாதீர்கள், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு மூடச் சொல்லுங்கள். சமையல் சிலிண்டரில் கையால் திருகும் வால்வு கிடையாது, ரெகுலேற்றரில் உள்ள சுவிட்ச்தான் வால்வு. அதை மூடிய பிறகு இரவுக்கு ரெகுலேற்றரையும் கழற்றி, சிலிண்டரின் மூடியைப் போட்டுவிடுங்கள். குசினியில் அம்மாமார் செய்கிற அதே பழக்கம்தான்.

ஒட்சிசனை ஏன் முதலில் மூடவேண்டும் என்று கேட்பீர்கள். காஸை முதலில் மூடினால் சுடர் ஒட்சிசன் மிகுந்து சுருங்கி, பேர்ணர் முகத்தோடு ஒட்டி 'டப்' என்று வெடித்து அணையும். அந்தச் சத்தமே ஆளைத் தூக்கிப்போடும். திரும்பத் திரும்ப நடந்தால் பேர்ணர் முகத்துக்கும் நல்லதல்ல. ஒட்சிசனை முதலில் மூடினால் அந்தத் துள்ளல் இல்லை, மஞ்சள் சுடர் பேசாமல் அணையும். உங்களுடையது இரண்டு வாயுவும் பேர்ணர் முகத்துக்கு வெளியே வந்து கலக்கிற வகை, அதற்கு இந்த வரிசை. வெல்டிங் செய்யும் அண்ணன்மார் அசெற்றிலீனுக்கு வேறு வரிசை சொல்லக்கூடும். அவர்களுடைய கருவி வேறு, அவர்கள் சொல்வதை இங்கே கொண்டுவர வேண்டாம். உங்கள் பேர்ணரோடு வந்த தாளில் வேறுவிதமாக இருந்தால் அந்தத் தாளின்படியே செய்யுங்கள்.

செறிவாக்கியைப் பொறுத்தவரை, ஒட்சிசன் திருகியை மூடியதும் அதன் சுவிட்சையும் அணையுங்கள். வழி அடைத்தபடி அதை ஓடவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கும், கொம்பிரசருக்கும் கேடு. காஸ் சுடர் முற்றாக அணைந்த பிறகு ஒட்சிசன் திருகியை ஒருமுறை திறந்து, குழாயில் உள்ளதை வெளியே விட்டு, மூடுங்கள். இரண்டு குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்து வெறுமையாக்க வேண்டாம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. இரண்டும் சேர்ந்து திறந்திருந்தால் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து மற்றக் குழாய்க்குள் வாயு திரும்பிப் போகலாம். காஸ் குழாய்க்குள் ஒட்சிசன் புகுந்து நின்றால் அடுத்த நாள் பற்றவைக்கும்போது தீ அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடலாம். இதைத் தடுக்க இரண்டு குழாயிலும் ஃபிளாஷ்பாக் அரெஸ்ரர் போடவேண்டும். வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

சரி, குழாயை ஏன் தினமும் வெறுமையாக்க வேண்டும், பேர்ணரில் மூடினால் போதாதா? எனக்கும் ஒரு காலத்தில் இந்த நினைப்பு இருந்தது. நல்லூர்த் திருவிழா நேரம், மாலையில் கோயிலுக்குப் போகும் அவசரத்தில் பேர்ணரில் இரண்டு திருகியையும் மூடிவிட்டு, சிலிண்டரைத் திறந்தபடியே விட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை பத்திக் கதவைத் திறந்தபோது முகத்துக்கு நேரே மணம் எதுவும் இல்லை. கீழே கிடந்த செருப்பை எடுக்கக் குனிந்தேன், முழங்கால் உயரத்தில் காஸ் மணம் மூக்கில் அடித்தது. பேர்ணரின் காஸ் திருகி ஒரு மயிரிழை திறந்திருந்தது, அவ்வளவுதான். கை மின்குமிழ் சுவிட்சை நோக்கிப் பாதி வழி போய்விட்டது. எப்படியோ நிறுத்திக்கொண்டேன். வெளியே போய்ச் சிலிண்டரை மூடி, கதவையும் யன்னலையும் அகலத் திறந்துவிட்டு, முற்றத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன்.

அதில் படித்ததைச் சொல்கிறேன். நமது சமையல் காஸில் இருப்பது புரப்பேனும் பியூட்டேனும். புரப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் தரையோடு தண்ணீர்போலத் தேங்கும். நம் வீடுகளில் காற்றோட்டத் துவாரங்கள் கூரைக்குக் கீழே மேலே இருக்கும், அவை சூட்டையும் புகையையும் வெளியேற்றும், தேங்கிய காஸை அல்ல. பத்திச் சுவரின் அடியில், தரைமட்டத்தில் இரண்டு மூன்று துவாரம் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரை வடிகாலுக்கோ கிணற்றுக்கோ அருகே வைக்கவும் கூடாது. கசிந்த காஸ் பள்ளம் தேடிப் போகும். மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் பொறி தரும், காற்றிழுக்கும் விசிறிக்கும் அதே விதிதான். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சமையல் காஸ் விபத்துகள் அடுத்தடுத்து நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் குசினிக்குள் எல்லோரும் இருந்த கவனம் பட்டறையில் எப்போதும் இருக்கவேண்டும்.

கசிவு பார்க்க ஒரு வழி. கிழமைக்கு ஒருநாள், காஸை எரித்துத் தீர்க்காமல், பேர்ணரையும் சிலிண்டரையும் மூடிவிட்டு ரெகுலேற்றரின் அழுத்த மீற்றர் ஊசி எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துவையுங்கள். மேசையைத் துடைத்துவிட்டு 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஊசி இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சவர்க்கார நுரை பூசி, குமிழி வரும் மூட்டைக் கண்டுபிடியுங்கள். உங்கள் ரெகுலேற்றரில் மீற்றர் இல்லையென்றால் நுரையை மட்டும் நம்பலாம். நுரை காஸ் பக்கத்துக்கு மட்டும்தான், ஒட்சிசன் மூட்டுகளுக்குச் சாதாரணச் சவர்க்காரம் பூசக்கூடாது.

அதற்குக் காரணம் எண்ணெய். சிலிண்டர் ஒட்சிசனுக்கு மாறினால் எல்லாவற்றையும்விட இதைத்தான் நினைவில் வைக்கவேண்டும். நிறைந்த சிலிண்டரில் 150 பார் அளவு அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஒட்சிசன் எண்ணெயையோ கிறீசையோ சந்தித்தால் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு எதையும் தொடுவது வழக்கம். சமைத்துவிட்டு வந்த கையும் அப்படித்தான். ஒட்சிசன் ரெகுலேற்றரைத் தொடும் முன் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலர்த்திவிட்டு வாருங்கள். இறுகிய நூலுக்கு எண்ணெய் விடுகிற மெக்கானிக்கை அதன் பக்கமே விடாதீர்கள். மூடும்போது சிலிண்டர் வால்வை மூடி, பேர்ணரில் திறந்து ஊசி இரண்டும் பூச்சியத்துக்கு வரும்வரை விட்டு, பேர்ணரை மூடி, கடைசியாக ரெகுலேற்றரின் நடுத் திருகாணியை இளக்கிவிடுங்கள். இளக்காமல் விட்டால் அடுத்தநாள் வால்வைத் திறக்கும்போது முழு அழுத்தமும் ஒரே அடியாக உள்ளேயுள்ள மென்தகட்டில் இடிக்கும். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். மேலதிகமாக வாங்கிச் சேமித்து வைக்கும் ஒட்சிசன் சிலிண்டரைக் காஸிலிருந்து 6 மீற்றர் தள்ளி வைப்பது பொதுவான விதி.

இப்போது சூளை. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் மூடுவதில் பாதுகாப்பும் மணியின் ஆயுளும் ஒன்றாகச் சேர்கிற இடம் இது. கண்ணாடி ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகிவிடும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். பிறகு உள்ளே சுருங்க முயலும்போது ஏற்கெனவே இறுகிய வெளிப்புறம் விடாது. அந்த இழுபறி மணிக்குள்ளேயே நின்றுவிடும். சில மணிகள் அன்றிரவே வெடிக்கும், சில ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் கழுத்தில் கிடக்கும்போது வெடிக்கும். எங்கள் ஊர் வெக்கையில் தானாக மெல்ல ஆறிவிடாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வெளியே 32 பாகை, மணி 500க்கு மேல். அந்த இடைவெளிக்கு முன்னால் கொழும்பும் ஒன்றுதான், யாழ்ப்பாணமும் ஒன்றுதான்.

மன்னார்ப் பக்கம் மாந்தையில் பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்ததற்கு அகழ்வாய்வில் சான்று கிடைத்திருக்கிறது, நமது கந்தரோடையிலும் கண்ணாடி மணிகள் எடுத்திருக்கிறார்கள். அவை பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவுதான். அவ்வளவு சின்ன மணியில் இழுபறியும் குறைவு. நீங்கள் செய்வது நெல்லிக்காய் அளவு, அதனால் சூளை கட்டாயம்.

நீங்கள் பாவிக்கும் மென்கண்ணாடியைப் பதமாக ஆறவைக்க சூளையை 510 முதல் 520 பாகை செல்சியஸுக்குள் நிலையாக வைத்திருக்கவேண்டும். போரோசிலிக்கேட் என்ற வன்கண்ணாடிக்கு 565 அளவு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே சூளையில் போடாதீர்கள். நெல்லிக்காய் அளவு மணிக்கு ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மணித்தியாலத்துக்கு 60 பாகை வீதம் 370 வரை இறக்குங்கள். அதன்பின் சூளையை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடலாம்.

இந்தக் கணக்கை மணிக்கூட்டோடு சேர்த்துப் பாருங்கள். மாலை 5 மணிக்குக் கடைசி மணி உள்ளே போனால், 6 மணிவரை ஒரே வெப்பநிலை. அங்கிருந்து 370க்கு இறங்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். 8.30க்குச் சூளையை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் படுக்கலாம். 9 மணிக்குக் கடைசி மணி செய்தால் நள்ளிரவு தாண்டும். ஆகவே ஓடவிட்டுப் படுக்கலாமா என்றால், என் பதில்: படுக்கவேண்டி வராதபடி வேலையை முன்னேரமே முடியுங்கள். கருவியை நம்பலாமே என்று சொல்வார்கள். சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்னை இணைத்துத் துண்டிக்கும் ரிலே சிலவேளை மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது திரையில் என்ன எழுதியிருந்தாலும் கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒருமுறை நடந்தது, நான் விழித்திருந்ததால் 600இல் கண்டுபிடித்தேன். இறங்கவேண்டிய நேரத்தில் எண் உண்மையாகவே இறங்குகிறதா என்று ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பாருங்கள். பிறகு மேசையில் மற்ற வேலையைக் கவனிக்கலாம்.

கறண்ட் போனால்? 2022இல் ஒருநாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க நின்றபோதும் அதே கேள்வி. கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் மணி போய்விடும். சுவரில் சுவிட்சை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் கறண்ட் திரும்பும்போது சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தாமாகத் தொடங்கும், சில தொடங்காது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் சூளை தானாக 515க்கு ஏறக்கூடாது. மணிகள் ஆறியபின் உடையாமல் இருந்தால் பயமில்லை. அடுத்தநாள் அவற்றைக் குளிர்ந்த சூளையில் வைத்து, மெல்ல ஏற்றி, திரும்பவும் ஒருமுறை பதமாக ஆறவையுங்கள்.

சூளைக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அடியாவது வெளி விடுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் சூளையைப் போடாதீர்கள், சுருட்டி வைத்த வயர் உருகிப் பற்றும். பத்திக்குக் கிடுகு வேய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பேர்ணரையும் சூளையையும் கிடுகுக்குக் கீழே வைத்து எவ்வளவு ஒழுங்காக மூடினாலும் நிம்மதி வராது. கூரைக்குத் தகரம் போடும்வரை வேலையை நிறுத்துங்கள் என்றுதான் சொல்லுவேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பொறி போதும்.

மேசைக்கு வருவோம். சுட்ட கண்ணாடி சிவந்து தெரிவது 500 பாகைக்கு மேலேதான். அதற்குக் கீழே 400 பாகையில் இருக்கும் கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். என் வலது பெருவிரலில் இன்னமும் அந்தத் தழும்பு இருக்கிறது. பயன்படுத்திய கோல்களைச் சூடான முனை எல்லாம் ஒரே பக்கமாக, உங்களுக்கு எதிர்ப்புறமாக, இரும்புத் தாங்கியில் வையுங்கள். வெட்டி எறியும் சூட்டுத் துண்டுகளுக்கு மூடியுள்ள பால்மாப் பேணி ஒன்று போதும். பிளாஸ்ரிக் வாளியில் போடாதீர்கள், தண்ணீர்ச் சட்டியிலும் போடாதீர்கள், தண்ணீரில் விழுந்த சூட்டுக் கண்ணாடி சிதறித் தெறிக்கும்.

தூசியில் கவனம் வேண்டும். கம்பியில் மணி ஒட்டாமல் பூசும் வெள்ளைப் பூச்சு, சூளையின் நார்ப்பஞ்சு, கண்ணாடிப் பொடி எல்லாம் நுரையீரலுக்குக் கெடுதி. விளக்குமாறால் உலரக் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் மேசையையும் தரையையும் துடையுங்கள். மணியைக் கம்பியிலிருந்து எடுக்கும்போதும் துளையைச் சுத்தம் செய்யும்போதும் தண்ணீருக்குள் வைத்துச் செய்யுங்கள். சில நிறக் கண்ணாடிகளில் ஈயமும் கட்மியமும் இருக்கும், ஆகவே தேத்தண்ணிக் கோப்பையை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். எல்லாம் முடிந்த பிறகும் காற்றிழுக்கும் விசிறியை 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். சுடரிலிருந்து வந்த நச்சு வாயுக்கள் அறைக்குள் நிற்கும்.

பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித்திரிகிற வீடு. பத்திக்கென்று ஒரு சோடி சப்பாத்து வைத்து, வாசலிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். சட்டையையும் அங்கேயே மாற்றி, கை முகம் கழுவிய பிறகு பிள்ளைகளைத் தூக்குங்கள். பத்திக் கதவைப் பூட்டித் திறப்பை உயரத்தில் மாட்டுங்கள். ஒட்சிசன் படிந்த துணி சாதாரணத்தைவிட வேகமாகப் பற்றும் என்பதால், உடுப்பு மாற்றும் முன் குசினி அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

அரை மணி நேரம் கழித்து ஒருமுறை திரும்பிப் போய், மேசையை, தரையை, கூரையைப் பாருங்கள். புகைந்துகொண்டிருக்கும் துணியோ தும்போ அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வாசலில் ஒரு வாளி மணலும் உலர்தூள் தீயணைப்பானும் இருக்கட்டும். சூளையிலோ வயரிலோ தீ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். காஸ் எரிந்தால் சிலிண்டரை மூடுவதுதான் வழி. மூடமுடியாதென்றால் சுடரை மட்டும் அணைக்கப் பார்க்காதீர்கள், எரியாமல் பரவும் காஸ் அதைவிட மோசம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

இன்னொன்று, தங்கச்சி. நீங்கள் மயங்கி விழுந்தாலோ கை சுட்டுக்கொண்டாலோ வீட்டில் வேறு யாருக்குச் சிலிண்டரை மூடத் தெரியும்? இந்தச் சனிக்கிழமையே கணவரையும் அம்மாவையும் பத்திக்குக் கூட்டிவந்து, ரெகுலேற்றர் சுவிட்ச் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், சூளையின் பிளக் எது என்று காட்டுங்கள். காட்டுவதோடு நிறுத்தாமல், இருவரையும் தங்கள் கையாலேயே ஒருமுறை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.